தொட்டியின் கணக்கும் உடலின் கணக்கும்

தமிழில் முலாம் என்பது வசவுச் சொல்லாகிவிட்டது. போலி அன்புக்கும் மேடைப்பேச்சுக்கும் அதை உவமையாக்கிப் பழகியிருக்கிறோம். முலாம் பூசிய கைகள் யாருடையவை என்று அந்த உவமை ஒருபோதும் கேட்டதில்லை.

குரோம் முலாம் 1920களில் வணிகத்துக்கு வந்தது. குரோமிக் அமிலத் தொட்டிக்குள் செலுத்தும் மின்சாரத்தில் பெரும்பகுதி, உலோகத்தைப் படியவைக்காமல் தண்ணீரைப் பிரித்து வாயுக் குமிழிகளாக்குகிறது. குமிழிகள் மேற்பரப்பில் வெடிக்கும்போது அமிலம் நுண்துளிகளாகக் காற்றில் ஏறுகிறது. அதைச் சுவாசிப்பவரின் மூக்கின் நடுச்சுவரில் புண் வந்து துளை விழும். அமெரிக்காவில் புளூம்ஃபீல்டு, புளூம் என்ற இருவர் 1928இல் வெளியிட்ட ஆய்வு பட்டறைக் காற்றையும் தொழிலாளரின் மூக்கையும் சேர்த்தே பார்த்தது. 1931இல் பிரிட்டன் குரோம் முலாம் பட்டறைகளுக்கென்றே விதிமுறை கொண்டுவந்தது. ஆக, இத்தொழிலின் தீங்கை முதலில் காட்டிய அளவுகோல் உடல்தான்.

அந்த உடல்களில் பெண்ணுடல்கள் எத்தனை? இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில் நிக்கல், குரோம் முலாம் வேலை செய்த 2689 பேரின் இறப்பு விவரங்களை ஆராய்ந்த கட்டுரை 1987இல் வெளியானது. அவர்களில் 1401 பேர் பெண்கள், பாதிக்கும் மேல். குரோம் தொட்டியருகே வேலை செய்த காலம் கூடக்கூட நுரையீரல் புற்றுநோய் மரணமும் கூடியதை அந்த ஆய்வு கண்டது. 1990இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, ஆறு இணைதிறன் குரோமியத்தை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது.

அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் முலாம் தொழில் சங்கங்களும் சேர்ந்து ஒரு தன்விருப்பத் திட்டத்தைத் தொடங்கின. 1992ஐ அடிப்படையாகக் கொண்டு 2002க்குள் எட்டவேண்டிய இலக்குகளை வகுத்தன. தண்ணீரில் 50 சதவீதம் குறைப்பு, மின்சாரத்தில் 25 சதவீதம் குறைப்பு, வாங்கும் உலோகத்தில் 98 சதவீதம் பொருளின் மேலேயே சேர்வது, நிலத்தில் கொட்டும் கசடு பாதியாவது. ஆற்றோரம் வாழ்பவர்களுக்கு இவை சிறிய விஷயங்கள் அல்ல. ஆனால் அதே பட்டியலில் மனிதர்மீது நச்சுப்படுவதைக் குறைத்தல் என்றும் ஓர் இலக்கு இருந்தது. அதற்கு மட்டும் எண் இல்லை. ஏதேனும் நடவடிக்கை எடுத்துக் காட்டினால் போதும்.

இது யாரோ ஒருவரின் மறதி அல்ல. அமெரிக்கச் சட்டத்தில் தொழிற்சாலைச் சுவருக்கு வெளியே இருப்பது சுற்றுச்சூழல். உள்ளே இருப்பது பணியிடம். இரண்டுக்கும் வேறு வேறு முகமைகள். அகம், புறம் என்று பிரித்துப் படித்த நமக்கு இந்தச் சுவர் புதிதல்ல. அகத்தில் நடப்பது பொதுக்கணக்கில் வராது என்பதைப் பெண்கள் வீட்டிலேயே கற்றுக்கொண்டவர்கள்.

இத்தனைக்கும் புறத்தின் கணக்கைச் சரிசெய்வதும் அகத்தில் இருக்கும் கைதான். தொட்டியிலிருந்து எடுத்த பொருளைச் சில நொடிகள் கூடுதலாகத் தொட்டிக்கு மேலேயே பிடித்து வடியவிட்டால், ஒட்டிவரும் கரைசல் தொட்டிக்கே திரும்பும். அலசும் தண்ணீரும் கசடும் குறையும். முலாம் பட்டறையின் மிக மலிவான சீர்திருத்தம் இதுதான். எண்ணிக்கைக்குக் கூலி கொடுக்கும் இடத்தில் அந்தச் சில நொடிகள் தொழிலாளியின் கூலியிலிருந்து போகின்றன. வடியவிடும் நேரமெல்லாம் அவர் தொட்டியின் ஆவிக்கு மேல் நிற்கவும் வேண்டும்.

பட்டறைக் காற்றில் ஆறு இணைதிறன் குரோமியத்துக்கான அமெரிக்க வரம்பு, ஒரு கனமீட்டருக்கு 52 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைந்தது 2006இல். தண்ணீருக்கும் கசடுக்கும் இலக்கு வைத்த திட்டத்தின் கெடு முடிந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு. 1928இன் ஆய்விலிருந்து எண்ணினால் 78 ஆண்டுகள். ஒரு பெண் பட்டறையில் சேர்ந்து, உழைத்து, ஓய்ந்து, அவள் மகளும் அதே தொட்டியருகே நின்று ஓயப் போதுமான காலம்.

சுற்றுச்சூழல் அறிக்கை எதுவாயினும், அதில் எண் இல்லாத வரியை முதலில் தேடிப் படிப்போம்.