பாதித் துணைக்கு வக்கீல்

தம் வழக்கைத் தாமே நடத்தும் உரிமையை 1908ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டம் ஒப்புகிறது. ஆயினும், ஒரு மனுவைத் திருத்தித் தரவோ, ஒரு நாள் மட்டும் வாதிடவோ வேண்டினால் வக்கீல்கள் பலரும் தயங்குவர். அத்தயக்கத்திற்கு அச்சட்டமும் ஒரு காரணம்: தாக்கலான வக்காலத்து, நீதிமன்ற அனுமதியோடு விலக்கப்பட்டாலன்றி, வழக்கு முடியும்வரை நீடிக்கும். கரையில் நின்று கைகொடுக்க வந்தவரும் ஆற்றில் இறங்க வேண்டியதாயிற்று.

மாற்று மெல்லவே வந்தது. 1976இல் இலவசச் சட்ட உதவி அரசியலமைப்பில் இடம்பெற்றது. 1987இல் இயற்றப்பெற்று 1995 நவம்பர் 9இல் நடைமுறைக்கு வந்த சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், வழக்காடுதலோடு யோசனை கூறுதலையும் சட்டப் பணியாக வகுத்தது. பெண்கள், குழந்தைகள், காவலில் உள்ளோர் ஆகியோருக்கு வருமான வரம்பு இல்லை. மொழி அறியா ஊரில் வழக்காட நேரும் தமிழர், தனியே நிற்குமுன் மாவட்ட ஆணைக்குழுவின் கதவைத் தட்டுதல் நலம்.