'அன்னக்கிளி'க்கு முன்னால் பதினெட்டு வருஷம்

சென்ற முறை நாம் எல்லோரும் கூடியபோது, மதியப் பந்தியில் என் பக்கத்து இலையில் ஒரு தம்பி உட்கார்ந்தார். நம் கல்லூரியில் இப்போது இரண்டாம் ஆண்டு படிப்பவர். காதில் மாட்டியிருந்த கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டார்: "சார், வெளிநாட்டு ராக் பேண்டுங்களோட முதல் ஆல்பத்துல மட்டும் ஒரு வேகம் இருக்கே, அது ஏன் சார்? அப்புறம் எவ்வளவு பெரிய ஆளானாலும் அது வர மாட்டேங்குது." நான் பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்வி: "உங்க காலத்துல நம்ம பக்கம் அந்த மாதிரி பேண்ட் ஏதாவது இருந்துச்சா?"

"அதெல்லாம் இல்லப்பா" என்று சொல்லிவிட்டேன். பாயசம் வந்தது, பேச்சும் மாறிப்போயிற்று. ஆனால் அன்று சாயங்காலம் மரக்காணம் பஸ்ஸில், உப்பளங்கள் தெரிய ஆரம்பிக்கும் இடத்தில் ஞாபகம் வந்தது, நான் சொன்ன பதில் தப்பு. முப்பது வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் சொல்லக்கூடிய தப்பு அல்ல. மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டதும் அந்தத் தம்பிக்கு முழுப் பதிலையும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் அவர் கேட்ட முதல் கேள்வி. பீட்டில்ஸ் குழுவை எடுத்துக்கொள்வோம். அவர்களுடைய முதல் ஆல்பமான 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' 1963 மார்ச் 22-ஆம் தேதி வெளிவந்தது. மொத்தம் 14 பாட்டு. அதில் நான்கு ஏற்கெனவே தனித் தட்டுகளாக வந்தவை. மீதிப் பத்தையும் 1963 பிப்ரவரி 11 என்ற ஒரே நாளில் லண்டன் ஈ.எம்.ஐ. ஸ்டுடியோவில் பதிந்து முடித்தார்கள். ஜான் லெனனுக்கு அன்று ஜலதோஷம். தொண்டை கிழிந்துவிடும் என்பதால், அதிகம் கத்திப் பாட வேண்டிய 'ட்விஸ்ட் அண்ட் ஷௌட்' பாட்டை ராத்திரி கடைசியாக வைத்துக்கொண்டார்கள். இன்றைக்குக் கேட்டாலும் அந்தத் தொண்டைக் கரகரப்பு காதில் விழும்.

ஒரே நாளில் எப்படி முடிந்தது? அதற்கு முன் 1960 முதல் 1962 வரை ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்து விடுதிகளில் ராத்திரி ராத்திரியாக, மணிக்கணக்கில் வாசித்துப் பழகியவர்கள் அவர்கள். குடித்துவிட்டுக் கூச்சல் போடும் மாலுமிகளுக்கு நடுவில் வாசித்தவர்களுக்கு ஒலிவாங்கியைப் பார்த்து என்ன பயம்? தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினே, லிவர்பூலில் அவர்கள் வழக்கமாக வாசித்த கேவர்ன் கிளப்புக்கே போய் அங்கேயே பதிவு செய்யலாமா என்று முதலில் யோசித்திருக்கிறார். அந்த 14 பாட்டில் ஆறு மற்றவர்களுடைய பாட்டு. அதையும் கவனிக்க வேண்டும். மேடையில் பிறர் பாட்டைப் பாடிப் பாடித்தான் தங்கள் பாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

இன்னொன்று. ஹாம்பர்க்கில் அவர்களோடு பேஸ் கிட்டார் வாசித்த ஸ்டூவர்ட் சட்கிளிஃப், ஓவியம் படிக்கக் குழுவிலிருந்து விலகி, 1962 ஏப்ரலில் அதே ஊரில் இறந்துபோனார். டிரம்ஸ் வாசித்த பீட் பெஸ்ட் 1962 ஆகஸ்டில் நீக்கப்பட்டார். முதல் தட்டில் கேட்கும் அந்த வேகத்தை உண்டாக்கியவர்களில் இந்த இருவரும் உண்டு. தட்டில் இருவரும் கிடையாது.

இப்போது நம்ம ஊர்க் கதைக்கு வருகிறேன். நம்ம பேண்டின் பெயர் 'பாவலர் பிரதர்ஸ்'.

சிரிக்காதீர்கள். நான்கு அண்ணன் தம்பிகள், ஆர்மோனியம், தபேலா, பிற்பாடு கிட்டார், ஊர் ஊராகப் பயணம், விடிய விடிய மேடை. பேண்ட் என்பதற்கு வேறென்ன வேண்டும்? பண்ணைப்புரம் பாவலர் வரதராசன் மூத்தவர். கம்யூனிஸ்ட் கட்சி மேடைப் பாடகர். அவருக்கு அடுத்து பாஸ்கர், ராசையா, அமர்சிங். ராசையாதான் பிற்காலத்து இளையராஜா. அமர்சிங் கங்கை அமரன். 1958-இல் கேரளத்தில் தேவிகுளம் இடைத்தேர்தல். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் பெரும்பாலும் தமிழர்கள். அங்கே கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காக வரதராசன் மலை மலையாக ஏறிப் பாடினார். வேட்பாளர் ஜெயித்தார். அந்தக் காலத்தை ஒட்டித்தான் பதினாலு பதினஞ்சு வயதுப் பையனாக ராசையாவும் அண்ணனோடு மேடை ஏறுகிறார். குரல் உடையாத வயசு என்பதால் பெண் குரல் பாட்டெல்லாம் அவர் தலையில்.

மேடையில் என்ன பாடினார்கள்? மக்கள் வாயில் ஏற்கெனவே இருந்த மெட்டை எடுத்துக்கொண்டு, அதில் அரசியல் வார்த்தையைப் போட்டுப் பாடினார்கள். சினிமா மெட்டும் உண்டு, நாட்டுப்புற மெட்டும் உண்டு. காலையில் பேப்பரில் வந்த விலைவாசிச் செய்தி ராத்திரி பாட்டாகிவிடும். இதை வெறும் பிரச்சாரம் என்று தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்; எனக்கு அதில் சம்மதமில்லை. திறந்தவெளியில், ஒரே ஒரு ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு, காலையிலிருந்து வேலை செய்து களைத்த கூட்டத்தை எழுந்து போகாமல் உட்கார வைக்க வேண்டும். எந்த இடத்தில் தாளம் நிற்க வேண்டும், எந்த வார்த்தையில் குரல் ஏற வேண்டும் என்று அந்தக் கூட்டம் சொல்லிக்கொடுப்பதை எந்த இசைக் கல்லூரியும் சொல்லிக்கொடுக்காது. பீட்டில்ஸுக்கு ஹாம்பர்க் என்றால், இவர்களுக்கு அந்தத் தேயிலைத் தோட்டங்களும் கட்சி மாநாட்டுப் பந்தல்களும்.

அறுபதுகளின் கடைசியில் தம்பிகள் சென்னைக்கு வந்தார்கள். அல்லிநகரத்து நண்பர் சின்னசாமி, அதாவது பாரதிராஜாவும் அதே காலத்தில் வாய்ப்புத் தேடிக்கொண்டிருந்தவர்தான். ராசையா மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வு எழுதித் தேறினார். இசையமைப்பாளர் ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராகச் சேர்ந்து, பெரும்பாலும் கன்னடப் படங்களுக்கு வேலை பார்த்தார். மற்றவர்களின் ஒலிப்பதிவுகளில் கூலிக்குக் கிட்டார் வாசித்தார். ஏழெட்டு வருஷம் இப்படி. ஒரு பக்கம் அண்ணனோடு கற்ற தெருப்பாட்டு. இன்னொரு பக்கம் தாளில் எழுதி வாசிக்கும் மேல்நாட்டு முறை. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்துகொண்டிருந்தன. வெளியே யாருக்கும் தெரியாது.

இதற்கு நடுவில், 1973-இல் பாவலர் வரதராசன் இறந்துபோனார். தம்பியின் பெயர் போட்ட ஒரு தட்டையும் அவர் பார்க்கவில்லை.

1976. நண்பரான கதாசிரியர் ஆர்.செல்வராஜ் மூலமாகத் தயாரிப்பாளரும் பாடலாசிரியருமான பஞ்சு அருணாசலத்தின் அறிமுகம் கிடைக்கிறது. ஆர்மோனியம்கூட இல்லாமல், மேஜையில் தாளம் தட்டியே மெட்டுகளைப் பாடிக் காட்டினார் என்பது பலரும் அறிந்த செய்தி. யோசித்துப் பாருங்கள், கைக்குக் கிடைத்ததில் தாளம் போட்டு எதிரே இருப்பவரை உடனே பிடிப்பது மேடைக்காரனின் வித்தை! முதல் பாட்டுப் பதிவு ஆரம்பிக்கும் நேரத்தில் கரண்ட் போயிற்று என்பதும், நல்ல சகுனம்தான் என்று பக்கத்தில் இருந்தவர் கிண்டலாகச் சொன்னதும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். தேவராஜ்–மோகன் இயக்கிய அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் 'அன்னக்கிளி' மே 14-ஆம் தேதி வெளிவந்தது.

அதில் பாட்டுகள் கொஞ்சம்தான். 'அன்னக்கிளி', 'மச்சானப் பாத்தீங்களா', 'சுத்தச்சம்பா' மூன்றும் எஸ்.ஜானகி. 'சொந்தமில்லை பந்தமில்லை' பி.சுசீலா. 'அன்னக்கிளி' பாட்டையே சோகமாக டி.எம்.எஸ். இன்னொரு முறை பாடுவார். எல்லாப் பாட்டும் பஞ்சு அருணாசலமே எழுதியது.

சினிமாவில் கிராமத்து மெட்டு வந்தது அன்றுதான் முதல் தடவை என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். அது சரியில்லை. கே.வி.மகாதேவன் போட்டிருக்கிறார், விஸ்வநாதன் போட்டிருக்கிறார், அவர்களுக்கு முன்னாலும் போட்டிருக்கிறார்கள். பிறகு என்ன புதுசு? அதுவரை கிராமத்து மெட்டு சினிமாவுக்குள் வரும்போது விருந்தாளி மாதிரி சட்டை மாற்றிக்கொண்டு வரும். இங்கே மெட்டு தன் ஊர்ப் பேச்சிலேயே நின்றது; அதற்குக் கீழே ஓடுகிற வாத்தியங்கள் மட்டும் தன்ராஜ் மாஸ்டர் வீட்டுப் பாடத்தைப் பேசின. மேலே ஒரு பெண் தன் மச்சானைத் தேடுகிறாள். அடியில் வாத்தியங்கள் தங்களுக்குள் வேறு ஒரு பேச்சு பேசுகின்றன. இரண்டும் முட்டிக்கொள்ளவே இல்லை. நெல் குத்தும் பாட்டான 'சுத்தச்சம்பா'வில் உலக்கை விழும் வேகமும் பெண்கள் குரலும்தான் ஆதாரம். கட்சி மேடையில் பெண் குரலில் பாடிய பையனுக்கு, அந்தப் பெண்கள் எங்கே மூச்சு வாங்குவார்கள் என்று தெரியாதா என்ன?

ஒலிப்பதிவு என்று பார்த்தால் ரொம்ப எளிமையானது. இரண்டே வருஷத்தில், 1978-இல் 'ப்ரியா' படத்துக்கு ஸ்டீரியோ வந்துவிட்டது. அதோடு ஒப்பிட்டால் 'அன்னக்கிளி' தட்டு ஒல்லியாகத்தான் கேட்கும். ஆனால் தம்பி கேட்ட அந்த வேகம் எதில் இருக்கிறது என்று என்னைக் கேட்டால் கை நீட்டுவது இதைத்தான்.

எங்க மரக்காணத்தில் அதை எப்படிக் கேட்டோம் என்பதையும் சொல்ல வேண்டும். அப்போது தென்னாற்காடு மாவட்டம். மே மாதம் என்றால் உப்பளத்தில் வெயில் முற்றிய நேரம், உப்பு வாரும் வேலை மும்முரம். விடியுமுன் பாத்தியில் இறங்கி வெயில் ஏறுமுன் கரையேறிவிடுவார்கள். நெருக்கடி நிலைக் காலம் வேறு. பொதுக்கூட்டத்துக்குக் கட்டுப்பாடு, கட்சி மேடைகள் ஓய்ந்து கிடந்தன. படம் எங்கள் டூரிங் கொட்டகைக்கு வர மாதங்கள் ஆயின. பாட்டு அதற்கு முன்பே வந்துவிட்டது. கல்யாண வீட்டில் தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர், டீக்கடையில் இலங்கை வானொலி. அந்தப் பக்கம் மேடு கிடையாது, மரம் கிடையாது. கழுவெளி வரைக்கும் ஒரே வெளி. ஒரு குழாய் கட்டினால் மூன்று ஊருக்குக் கேட்கும். அதற்கு முன் நாங்கள் இந்திப் பாட்டுப் பைத்தியங்கள். 'பாபி'யும் 'ஷோலே'யும் அர்த்தம் புரியாமல் பாடித் திரிந்தவர்கள். உப்புப் பாத்தியில் நின்ற அம்மாக்கள் இந்திப் பாட்டைத் திருப்பிப் பாடி நான் கேட்டதில்லை. 'மச்சானப் பாத்தீங்களா'வை முதல் வாரத்திலேயே பாடினார்கள்.

வரலாற்றுக்காரன் என்பதால் ஒரு வார்த்தை. சங்க இலக்கியத்துச் சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் எங்க மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்வார்கள். சின்ன யாழை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு ஊர் ஊராகப் போகும் பாணர்கள், உப்பு வண்டி ஓட்டும் உமணர்கள் இருவருமே அந்தப் பாட்டில் உண்டு. பாடகர் குழு ஒன்று இந்தக் கடற்கரையைத் தாண்டிப் போவது அப்படியொன்றும் புதிய விஷயம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி அந்தப் பெயர் விஷயம். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம். படத்தில் என்ன பெயர் போடுவது என்று பேச்சு வந்தபோது, 'பாவலர் பிரதர்ஸ்' என்றே போடலாமே என்று ராசையா கேட்டதாகவும், அது பழைய மாதிரி இருக்கிறது என்று பஞ்சு அருணாசலம் மறுத்ததாகவும் சொல்வார்கள். 'ராஜா' என்றால் ஏற்கெனவே ஏ.எம்.ராஜா இருக்கிறார், அதனால் 'இளையராஜா' ஆயிற்று. வியாபாரமாகப் பார்த்தால் பஞ்சு அருணாசலம் செய்தது சரி. அந்தப் பெயர் நின்றது; 2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறும் வரைக்கும் போயிற்று. ஆனால் மறுத்ததில் போனது ஒரு குழுவின் பெயர். தபேலா வாசித்த பாஸ்கர், கூடவே அலைந்த அமர்சிங், எல்லாவற்றுக்கும் மேலாக மூன்று வருஷத்துக்கு முன்பே கண்மூடிய மூத்தவர். பிற்காலத்தில் 'பாவலர் கிரியேஷன்ஸ்' என்று படக் கம்பெனிக்கு அண்ணன் பெயரை வைத்தார்கள். முதல் தட்டில் மட்டும் அது வரவில்லை. அந்தக் காலத்துத் தட்டுகளில் வாசித்தவர்கள் பெயரைப் போடும் வழக்கமும் கிடையாது. அன்றைக்குக் கிட்டார் பிடித்தவர், புல்லாங்குழல் ஊதியவர் யாருமே உறையில் இல்லை.

ஆகவே தம்பி, முதல் ஆல்பம் அவர்களுடைய ஆரம்பம் என்று நினைத்துக் கேட்காதீர்கள். பல வருஷத்து ராத்திரிகள் ஒரு நாள் சாயங்காலம் தட்டில் ஏறுகின்றன, அவ்வளவுதான். இரண்டாம் ஆல்பத்துக்கு அப்படி முதுகில் சுமந்து வந்த சரக்கு கிடையாது. ஸ்டுடியோவில் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதுதான். உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில்: இருந்தது.

நம் கல்லூரி நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1977 கல்லூரி விழாவில் நம் மெல்லிசைக் குழு 'மச்சானப் பாத்தீங்களா' வாசித்தது பலருக்கு நினைவிருக்கும். அந்தப் புகைப்படம் என்னிடம் ஒன்று இருக்கிறது. பாடிய பெண், கிட்டார் வாசித்தவர், ஆர்மோனியக்காரர் எல்லோருக்கும் பெயர் எழுதிவிட்டேன். இடது ஓரத்தில் பாதி உடம்பு வெட்டுப்பட்டு, டிரிபிள் காங்கோ வாசிக்கும் கண்ணாடி போட்ட பையன் யார் என்றுதான் தெரியவில்லை. படத்தை இந்தக் கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன். தெரிந்தவர்கள் பின்பக்கம் எழுதிவிட்டுப் போங்கள்.