'கிஃப்ட்னு போட்டுடுங்க': வெளிநாட்டுக்கு விற்பவர்கள் சுங்கப் படிவத்தில் பொய் எழுதினால் என்ன ஆகும்?

புனேயில் ஐடி வேலை. லக்ஷ்மி ரோட்டில் தேடி வாங்கும் பைத்தானி துப்பட்டாக்களை சைடு பிசினஸாக ஆன்லைனில் விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நியூ ஜெர்சியிலிருந்து 120 டாலருக்கு ஒரு ஆர்டர். பணம் வந்த கையோடு ஒரு மெசேஜும் வருகிறது: "அக்கா, கிஃப்ட்னு டிக் பண்ணி 40 டாலர்னு போட்டுடுங்களேன். இங்க டியூட்டி ரொம்ப வருது."

கேட்பவர் இதை ஒரு குற்றமாக நினைத்துக் கேட்பதில்லை. மறுத்தால் ரிவியூவில் ஸ்டார் குறையுமோ என்ற பயம் விற்பவருக்கு. ஆனால் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுவது வாங்குபவர் இல்லை, நீங்கள்தான்.

அது என்ன படிவம்?

தபாலில் வெளிநாடு போகும் ஒவ்வொரு பொதியிலும் சுங்க அறிவிப்பு ஒட்டப்பட வேண்டும். மதிப்பு குறைவான சிறு பொதிகளுக்கு சிஎன்22, மற்றவற்றுக்கு சிஎன்23. உலகத் தபால் ஒன்றியம் வகுத்த இந்தப் படிவம் எல்லா நாடுகளிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். உள்ளே என்ன பொருள், எத்தனை, எடை, மதிப்பு, எந்த நாட்டில் செய்தது, ஏன் அனுப்புகிறீர்கள் என்று கேட்கும். கடைசிக் கேள்விக்கு கிஃப்ட், வணிக மாதிரி, விற்பனைப் பொருள், திருப்பி அனுப்பும் பொருள் எனத் தனித்தனிக் கட்டங்கள் உண்டு.

வியாபாரமாக அனுப்பினால் இது மட்டும் போதாது. ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீடான ஐஇசி எண் வேண்டும். தபால் ஏற்றுமதிப் பட்டியலையும் தாக்கல் செய்ய வேண்டும். 2022-இல் வந்த விதிமுறைகளுக்குப் பிறகு, தபால் துறையின் டாக் கர் நிர்யாத் கேந்திரா மையங்கள் வழியாக அதை ஆன்லைனிலேயே செய்யலாம்.

இப்போது ஏன் இது பெரிய விஷயம்?

அமெரிக்காவில் 800 டாலர் வரையிலான பொதிகளுக்கு 2016 முதல் டியூட்டி இல்லாமல் இருந்தது. அப்போதெல்லாம் 120 டாலர் துப்பட்டாவுக்கு 40 என்று எழுதி யாருக்கும் எந்த லாபமும் இல்லை. ஆனால் அந்தச் சலுகையில் நுழைந்த பொதிகளின் எண்ணிக்கை 2015 நிதியாண்டில் 13.9 கோடியாக இருந்து, 2024 நிதியாண்டில் 136 கோடியானது. போதைப்பொருள் கடத்தல், வரி ஏய்ப்பு, பொய்யான அறிவிப்புகள் ஆகியவற்றைக் காரணம் காட்டி, 2025 ஆகஸ்ட் 29 முதல் அமெரிக்கா எல்லா நாடுகளுக்கும் சலுகையை நிறுத்தியது.

அதன் அடி இந்தியாவின் சிறு விற்பனையாளர்கள் மீது நேராக விழுந்தது. 2025 ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்காவுக்கான பெரும்பாலான தபால் பொதிகளை இந்திய தபால் துறை நிறுத்தியது. முதலில் கடிதங்கள், ஆவணங்கள், 100 டாலர் வரையிலான கிஃப்ட் மட்டும் ஏற்கப்பட்டன. மாத இறுதியில் அவையும் நின்றன. சேவை திரும்பியது அக்டோபர் 15-ஆம் தேதி. அந்த ஏழு வாரமும் படிவத்தை ஒழுங்காக நிரப்பி வந்தவரும் சேர்ந்தேதான் காத்திருந்தார்.

திரும்பி வந்தபோது இரண்டு விஷயங்கள் மாறியிருந்தன. அப்போதைய விகிதப்படி இந்தியப் பொருளுக்கு அறிவிக்கப்பட்ட மதிப்பில் 50% டியூட்டி. அதை புக்கிங் நேரத்திலேயே அனுப்புபவர் கட்ட வேண்டும். 120 டாலர் துப்பட்டாவுக்கு 60 டாலர் டியூட்டி. 40 என்று எழுதினால் 20. கிஃப்ட் என்று டிக் செய்தால் ஒன்றுமே இல்லை, ஏனென்றால் 100 டாலர் வரையிலான உண்மையான கிஃப்டுக்கான விலக்கு மட்டும் தொடர்ந்தது. (விகிதங்கள் மாறிக்கொண்டே இருப்பவை, அனுப்பும் நாளில் சரிபாருங்கள்.)

முன்பு பொய் சொல்லச் சொன்னவர் வாங்குபவர். டியூட்டியை அனுப்புபவரே கட்டும்போது அந்த ஆசை விற்பவருக்கே வரும்.

எது கிஃப்ட், எது இல்லை?

ஒரு தனிநபர் இன்னொரு தனிநபருக்குப் பணம் வாங்காமல் அனுப்புவதுதான் கிஃப்ட். நியூ ஜெர்சியில் இருக்கும் தங்கைக்கு தீபாவளிப் புடவை அனுப்பினால் தாராளமாக டிக் செய்யலாம், மதிப்பை மட்டும் சரியாக எழுதுங்கள். ஆனால் ஒருவர் உங்களிடம் பணம் கட்டி வாங்கி, அதைத் தன் தோழிக்குப் பரிசாக அனுப்பச் சொன்னால்? அது உங்கள் வரையில் விற்பனைதான். ரிப்பன் கட்டி வாழ்த்து அட்டை வைத்தாலும் விற்பனைதான்.

பிரிட்டனில் 39 பவுண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 யூரோ வரையிலான கிஃப்டுக்கு விலக்கு உண்டு. அங்கேயும் விற்ற பொருளுக்கு அது பொருந்தாது.

மதிப்பைக் குறைத்து எழுதினால் எங்கே மாட்டும்?

படிவத்தில் எழுதிய எண் பொதியோடு போய்விடுவதில்லை. நான்கு இடங்களில் உங்களிடமே திரும்பி வரும்.

இன்சூரன்ஸ்: பொதி தொலைந்தால், 40 டாலர் என்று நீங்களே எழுதிய பொருளுக்கு 120 டாலர் கேட்க முடியாது. வாங்கியவருக்கோ முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டியிருக்கும்.

வங்கி: கணக்கில் வந்தது 120 டாலர், ஏற்றுமதி ஆவணத்தில் இருப்பது 40. மீதி 80 டாலர் எதற்கு வந்தது என்று வங்கி கேட்டால், காட்ட உங்களிடம் காகிதம் இருக்காது.

ஜிஎஸ்டி: ஏற்றுமதிக்கு வரி பூஜ்யம். ஆனால் அது ஏற்றுமதி என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். கிஃப்ட் என்று போன பொதி அந்த நிரூபணம் ஆகாது. 2026 ஜனவரி முதல் டிராபேக், ரோடெப் போன்ற ஏற்றுமதிச் சலுகைகள் ஆன்லைனில் பதிவாகும் தபால் ஏற்றுமதிக்கும் கிடைக்கின்றன. கிஃப்ட் கட்டத்தை டிக் செய்பவருக்கு அதுவும் போச்சு.

சுங்கம்: அறிவித்த மதிப்பும் பொருளும் ஒத்துப்போகாவிட்டால், 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 113-ஆம் பிரிவின்படி பொருளைப் பறிமுதல் செய்யலாம். தெரிந்தே பொய் அறிவிப்பில் கையெழுத்திட்டால், 114ஏஏ பிரிவின்படி பொருளின் மதிப்பைப் போல ஐந்து மடங்கு வரை அபராதம். அமெரிக்கச் சட்டத்திலும் பொய் அறிவிப்புக்குத் தனி அபராதம் உண்டு. பொய் எழுதச் சொன்ன வாங்குபவரும் அதில் சிக்கலாம்.

குழப்பமான நேரங்களில் எதை எழுதுவது?

• தள்ளுபடி: 120 டாலர் பொருளை உண்மையிலேயே 90-க்கு விற்றால் 90 என்றே எழுதலாம். இன்வாய்ஸும் அதையே சொல்ல வேண்டும்.

• ஷிப்பிங்: பொருளின் விலையையும் சர்வதேச ஷிப்பிங்கையும் தனியாகக் காட்டுங்கள். பொருள் 20, ஷிப்பிங் 100 என்று விலையை இடம் மாற்றுவதும் பொய்தான்.

• மாற்றுப் பொருள்: கிழிந்து போன துப்பட்டாவுக்குப் பதில் இன்னொன்றை இலவசமாக அனுப்பினாலும் மதிப்பு 0 இல்லை. பொருளின் மதிப்பை எழுதி, 'மாற்றுப் பொருள், கட்டணம் இல்லை' என்று குறிப்பிடுங்கள்.

• விவரம்: வெறும் 'துணி' என்று எழுதாதீர்கள். பட்டுத் துப்பட்டா எச்எஸ் 6214-இல் வரும், தைக்காத பட்டுப் புடவை 5007-இல் வரும். டியூட்டி குறியீட்டைப் பொறுத்து மாறும்.

வாங்குபவரிடம் எப்படிச் சொல்வது?

ஆர்டருக்கு முன்பே டியூட்டியைச் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை வராது. கடைப் பக்கத்திலேயே 'சுங்க மதிப்பை மாற்றி எழுத மாட்டோம்' என்று ஒரு வரி போடலாம். அதற்குப் பிறகும் கேட்டால், "சாரிங்க, விலையை மாத்திப் போட முடியாது. பார்சல் மாட்டினா உங்களுக்குப் பொருளும் வராது, எனக்குப் பணமும் திரும்பாது. டியூட்டி எவ்வளவுன்னு கணக்குப் போட்டுச் சொல்றேன், பார்த்துட்டு முடிவு பண்ணுங்க" என்று சொல்லலாம். சிலர் ஆர்டரை ரத்து செய்வார்கள். அந்த நஷ்டம் உண்மைதான்.

ஆனால் சலுகைகள் எந்தப் பக்கம் போகின்றன என்று பாருங்கள். 22 யூரோ வரையிலான வாட் விலக்கை ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில் நீக்கியது. 150 யூரோவுக்குக் குறைவான பொதிகளுக்கும் 2026 ஜூலை 1 முதல் பொருள் வகைக்கு 3 யூரோ டியூட்டி என்று 2025 டிசம்பரில் முடிவெடுத்தது. சிறு பொதிகளின் அறிவிப்பை நம்ப முடியாது என்று ஒரு நாடு முடிவு செய்தால், கதவு அடைபடுவது பொய் எழுதியவருக்கு மட்டுமில்லை. அடுத்த தெருவில் உண்மையான விலையை எழுதி விற்கிறவருக்கும் சேர்த்துத்தான்.