'ரேட்டுக்கு டிஎம் பண்ணுங்க'... பெர்சனல் ட்ரெய்னர்கள் ஃபீஸை வெளிப்படையாகச் சொல்லணுமா? சட்டம் என்ன சொல்கிறது?

பிரியாணிக் கடையில் விலைப்பட்டியல் சுவரிலேயே இருக்கும். சலூனில் கட்டிங் எவ்வளவு, ஷேவிங் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி மாட்டியிருப்பார்கள். ஆனால் பெர்சனல் ட்ரெய்னர் ஒருவரின் வெப்சைட்டைத் திறந்தால் 'பிஃபோர் - ஆஃப்டர்' போட்டோ இருக்கும், சர்டிபிகேட் இருக்கும். ஃபீஸ் மட்டும் பெரும்பாலும் இருக்காது. 'விவரத்துக்கு வாட்ஸ்அப் பண்ணவும்' என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

பழனி அருகே இருக்கும் கீரனூர் (புதுக்கோட்டை கீரனூர் இல்லீங்க, திண்டுக்கல் மாவட்டத்துக் கீரனூர்) மாதிரி ஊர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பெரிய நகரத்தில் நாலு ஜிம் ஏறி இறங்கி விசாரிக்கலாம். இங்கே இருந்து விசாரிக்கணும்னா பழனிக்கோ திண்டுக்கல்லுக்கோ பஸ் ஏறணும். இல்லை, கோவை, சென்னையில் இருக்கும் ட்ரெய்னரிடம் போனிலேயே ஆன்லைன் கோச்சிங் சேரணும். யாருமே ரேட் போடவில்லை என்றால் ஒப்பிட்டுப் பார்க்க வழியே கிடையாது.

ரேட் போடுவது கட்டாயமா?

பாக்கெட் பொருளுக்கு எம்ஆர்பி கட்டாயம். சேவைக்கு அப்படி ஒரு எம்ஆர்பி கிடையாது. ட்ரெய்னர் எவ்வளவு வாங்கலாம் என்று அரசு நிர்ணயிப்பதும் இல்லை. வெறும் அறிமுகப் பக்கம் வைத்திருப்பவர் ரேட் போடாமல் இருப்பதே குற்றம் ஆகிவிடாது.

ஆனால் அந்தப் பக்கத்திலேயே பணம் வாங்கி வகுப்பை விற்றால் கதை வேறு. 2020-ம் ஆண்டு இ-காமர்ஸ் விதிகள்படி, வரி உட்பட எல்லாக் கட்டணத்தையும் சேர்த்த மொத்த விலையையும், அதன் பிரிவையும் காட்ட வேண்டும். முதலில் ஒரு தொகையைக் காட்டிவிட்டு, பணம் கட்டும் நேரத்தில் 'டயட் சார்ட் தனி, ரெஜிஸ்ட்ரேஷன் தனி' என்று ஏற்றுவதை, 2023 நவம்பரில் வந்த 'டார்க் பேட்டர்ன்' வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன.

ட்ரெய்னர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. வீட்டுக்கு வந்து சொல்லித் தர ஒரு ரேட், ஜிம்மில் ஒரு ரேட். முட்டி வலி இருப்பவருக்கும் போலீஸ் தேர்வுக்குத் தயாராகிறவருக்கும் ஒரே வேலை இல்லை. பக்கத்து ஜிம்காரர் பார்த்துவிட்டு 200 ரூபாய் குறைத்துப் போட்டுவிடுவாரோ என்ற பயம் வேறு.

அதற்கு 'மாதம் இவ்வளவு முதல்' என்று போட்டு, அதில் எத்தனை வகுப்பு, ஒரு வகுப்பு எத்தனை நிமிடம் என்று சொன்னாலே பாதிக் குழப்பம் தீரும். உதாரணத்துக்கு, மாதம் 4,000 ரூபாய்க்கு 12 வகுப்பு என்றால் ஒரு வகுப்பு 333 ரூபாய். 6,000 ரூபாய்க்கு 24 வகுப்பு என்றால் 250 ரூபாய்தான். மாதத் தொகையை மட்டும் கேட்டால் முதலாவதுதான் சல்லிசாகத் தெரியும். அதே நேரம், அந்த 'முதல்' விலைக்கு உண்மையிலேயே சேவை கிடைக்க வேண்டும். ஆளை இழுக்க மட்டும் குறைந்த விலையைப் போடுவது, 2022-ம் ஆண்டு வழிகாட்டுதல்கள் கட்டுப்படுத்தும் 'தூண்டில் விளம்பரம்'.

வரி குறைந்ததே, ஃபீஸ் குறைந்ததா?

ரேட் போர்டு இல்லாததால் வரும் பெரிய நஷ்டம் இங்கேதான். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம், யோகா மையம், சலூன் சேவைகளுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரி இல்லாமல் ஆண்டுக்கு 12,000 ரூபாய் ஃபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு 14,160 ரூபாய் கட்டியிருப்பீர்கள். இப்போது 12,600. வித்தியாசம் 1,560 ரூபாய்.

ஆனால் ஒரு சிக்கல்: 5 சதவீதத்தில் 'இன்புட் டாக்ஸ் கிரெடிட்' கிடையாது. வாடகைக்கும் மெஷினுக்கும் கட்டிய வரியை ஜிம் உரிமையாளர் கழித்துக்கொள்ள முடியாது. அதனால் அடிப்படை ஃபீஸைக் கொஞ்சம் ஏற்றியிருக்கலாம். எவ்வளவு ஏற்றினார்? பழைய ரேட் எங்கேயும் எழுதப்படவில்லை என்றால் யாருக்கும் தெரியாது!

இன்னொன்று. சேவைத் தொழிலில் ஆண்டு வருமானம் பொதுவாக 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவருக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்லை. பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி வசூலிக்கவும் கூடாது. 'பிளஸ் ஜிஎஸ்டி' என்று தனியாகக் கேட்டால், பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

பணம் கட்டிய பிறகு தகராறு வந்தால்?

பில் தராமல் இருப்பதையே 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகமாகக் கருதுகிறது. ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப்பில் பேசிய ரேட் எதையும் அழித்துவிடாதீர்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்பதால், ட்ரெய்னர் சென்னையில் இருந்தாலும் கீரனூர்க்காரர் திண்டுக்கல்லிலேயே மனு கொடுக்க முடியும்.