வைத்தியர் கையில் வந்த நோய்

2020-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள். என் அண்ணியைக் கூட்டிக்கொண்டு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். ஊரெல்லாம் கொரோனா பயம். கடை கண்ணிகள் பாதி அடைத்துக் கிடந்தன. சொந்தக்காரர்கள்கூட வாசலில் நின்று பேசிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால், அண்ணியின் உடம்பில் இருந்த நோய்க்கு ஊரடங்கு உத்தரவு தெரியுமா? மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏற்றியாக வேண்டும். ஆகவே, பயந்துகொண்டே போய் வந்துகொண்டிருந்தோம்.

அங்கே வழக்கமாக அண்ணிக்கு ஊசி குத்துகிற நர்ஸ் ஒருத்தி உண்டு. ஒளிந்து கொள்ளும் நரம்பைத் தேடிப் பிடிப்பதில் கெட்டிக்காரி. அன்று அவளைக் காணோம். விசாரித்தேன்.

"சிஸ்டருக்குப் பாசிட்டிவ் சார். நேற்று டெஸ்டில் வந்துவிட்டது. பதினான்கு நாளைக்கு வரமாட்டார்" என்றான் வார்டுப் பையன்.

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "நோயைத் தீர்க்க வேண்டியவர்களே நோயைக் கொண்டுவந்தால் நாங்கள் எங்கே போவது?" என்று இரைந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் நாலு பேர் என்னோடு சேர்ந்துகொண்டார்கள். அண்ணிதான் என்னை அடக்கினாள்.

"தம்பி, அந்தப் பெண்ணுக்கு இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா? ஒன்றும் இல்லை. சோதித்துப் பார்த்ததனால் தெரிந்தது. பார்க்காமல் விட்டிருந்தால் இன்றைக்கும் அவள்தான் என் கையைப் பிடித்து ஊசி போட்டிருப்பாள். நீங்களும் கெட்டிக்காரி என்று மெச்சியிருப்பீர்கள்!"

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. எங்கேயோ படித்திருந்த வியன்னா நகரத்துக் கதை ஒன்று நினைவுக்கு வந்தது. கதை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன், அது சரித்திரம்.

வியன்னாவின் பெரிய பொது ஆஸ்பத்திரியில் அப்போது இரண்டு பிரசவப் பகுதிகள் இருந்தன. முதல் பகுதியில் மருத்துவ மாணவர்கள் தொழில் கற்றார்கள். இரண்டாம் பகுதியில் மருத்துவச்சிகள் கற்றார்கள். 1841 முதல் 1846 வரை கணக்குப் பார்த்தால், முதல் பகுதியில் பிள்ளை பெற வந்த பெண்களில் 100-க்குச் சுமார் 10 பேர் மாண்டார்கள். இரண்டாம் பகுதியிலோ 100-க்கு 4 பேருக்கும் குறைவு. கொன்றது பெரும்பாலும் பிரசவ ஜன்னி. இந்த ரகசியம் ஊருக்கே தெரியும். 'முதல் பகுதியில் மட்டும் சேர்க்காதீர்கள்' என்று நிறைமாதக் கர்ப்பிணிகள் முழங்காலிட்டுக் கெஞ்சுவார்களாம். இதில் விசித்திரம் என்னவென்றால், ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் தெருவிலேயே பெற்றுவிட்ட பெண்களிடையே இந்த ஜன்னி மிகக் குறைவாக இருந்தது. வைத்தியரிடம் வந்து சேராதவள் பிழைத்தாள்!

1846-இல் அங்கே உதவி வைத்தியராகச் சேர்ந்தவர் இக்னாஸ் செம்மல்வைஸ். ஹங்கேரி தேசத்துக்காரர், இருபத்தெட்டு வயது. இரண்டு பகுதிகளுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தேடித் தேடி அலுத்துப்போனார். விடை ஒரு துக்கச் செய்தியாக வந்தது. 1847 மார்ச்சில் அவருடைய நண்பரான பேராசிரியர் கொல்லெட்ச்கா, பிரேதப் பரிசோதனையின்போது ஒரு மாணவனுடைய கத்தி விரலில் பட்டு, அந்தக் காயத்தாலேயே இறந்துபோனார். அவர் உடம்பில் கண்ட அடையாளங்களும், ஜன்னியில் மாண்ட தாய்மாரின் உடம்பில் கண்ட அடையாளங்களும் ஒன்றாகவே இருந்தன.

அப்போதுதான் செம்மல்வைஸுக்குப் புரிந்தது. மாணவர்களும் வைத்தியர்களும் காலையில் பிணத்தை அறுத்துவிட்டு, அதே கையோடு பிரசவ அறைக்கு வருகிறார்கள். மருத்துவச்சிகளுக்குப் பிணத்தை அறுக்கும் வேலை இல்லை. கிருமிகளைப் பற்றி உலகம் அறியாத காலம் அது. இருந்தாலும், எதுவோ ஒன்று கையோடு வருகிறது என்று அவர் கண்டுகொண்டார். 1847 மே மாத நடுவில் ஓர் உத்தரவு போட்டார். உள்ளே நுழையும் ஒவ்வொருவரும் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வேண்டும். பிறகு அதற்கு விலை குறைந்த பிளீச்சிங் பவுடரே பயன்பட்டது. ஏப்ரலில் 100-க்கு 18 ஆக இருந்த சாவு, ஜூன் மாதத்தில் 2 சொச்சத்துக்கு இறங்கியது.

ஆனால், அதே வருஷம் அக்டோபரில் ஒரு விபரீதம் நடந்தது. கருப்பையில் புற்றுநோய் கண்ட ஒரு பெண்ணை வார்டின் முதல் கட்டிலில் போட்டிருந்தார்கள். வைத்தியர்கள் அவளைத்தான் முதலில் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு வெறும் சோப்பினால் கையைக் கழுவிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்கள். அந்தச் சமயத்தில் அங்கே பிரசவித்த 12 பெண்களில் 11 பேர் இறந்துபோனார்கள். பிணத்திலிருந்துதான் என்றில்லை, உயிரோடு இருக்கும் நோயாளியிடமிருந்தும் நோய் வரும். கொண்டுபோவது மட்டும் அதே கைதான். செம்மல்வைஸ் அதையும் கற்றுக்கொண்டு, ஒவ்வொரு நோயாளியைப் பார்த்த பிறகும் கை கழுவ வேண்டும் என்று விதி செய்தார்.

இவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. 1849-இல் அவருடைய உத்தியோகத்தைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். காரணங்கள் பல. ஆனால், அடியில் கிடந்தது ஒன்றே என்று எனக்குப் படுகிறது. அவர் சொல்வதை ஒப்புக்கொண்டால், 'நான் கொன்றேன்' என்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். கருணையோடு நீட்டிய கையே கொலைக் கருவி என்று எந்த வைத்தியரின் மனம் சம்மதிக்கும்? சம்மதித்த ஒருவரின் கதியைக் கேளுங்கள். ஜெர்மனியில் கீல் நகரத்துப் பிரசவ வைத்தியர் மிகேலிஸ், செம்மல்வைஸின் கருத்தை நம்பினார். தாம் பிரசவம் பார்த்து, ஜன்னியில் இறந்துபோன சொந்தக்காரப் பெண் ஒருத்தியின் நினைவு அவரை அரித்தது. 1848-இல் தற்கொலை செய்துகொண்டார்.

செம்மல்வைஸ் தம்மையும் குற்றவாளிகளோடு சேர்த்தே எண்ணினார். ஆனாலும், நாளாக ஆக, மறுத்தவர்களைக் கொலைகாரர்கள் என்றே பகிரங்கக் கடிதங்களில் தூற்றினார். உண்மை அவர் பக்கம் இருந்தது, கேட்கிறவர்கள்தாம் இல்லை. 1865-இல் வியன்னாவில் ஒரு மனநோய் விடுதியில், காயம் சீழ்ப்பிடித்து, நாற்பத்தேழு வயதில் இறந்தார். எந்த விஷத்தோடு போராடினாரோ, அதே வகை விஷம் அவரையும் கொண்டுபோயிற்று.

இனி 2020-க்கு வருவோம். புற்றுநோய் மருந்து, நோயின் அணுக்களோடு உடம்பைக் காக்கும் வெள்ளை அணுக்களையும் அழிக்கக் கூடியது. வேலிக்காரன் இல்லாத தோட்டம் போன்றது அந்த உடம்பு. அவர்களைத் தொடாமல் வைத்தியம் செய்ய முடியாது. தொடுகிறவர்களோ ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகிறவர்கள். பழைய கேள்வி மறுபடியும் எழுந்தது: கொண்டுபோவது யார்?

இந்தத் தடவை கேள்விக்கு விடை காண ஒரு வழி இருந்தது. காரி முல்லிஸ் என்ற அமெரிக்கர் 1983-இல் கண்டுபிடித்து, 1993-இல் நோபல் பரிசு பெற்ற முறை அது. மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்ததில் கிருமியின் மரபுப் பொருள் கடுகளவு இருந்தாலும் போதும். அதை ஒன்று இரண்டாக, இரண்டு நாலாகப் பெருக்கிக் காட்டிவிடும். முப்பது தடவை இரட்டித்தால் ஒன்று 100 கோடியைத் தாண்டும்.

லண்டனில் பிரான்ஸிஸ் கிரிக் ஆராய்ச்சி நிலையத்தார், 2020 ஏப்ரலில் புற்றுநோய் முதலான தங்கள் ஆராய்ச்சியை ஒதுக்கி வைத்துவிட்டு, ஆஸ்பத்திரி ஊழியர்களின் மாதிரிகளைச் சோதிக்க உட்கார்ந்தார்கள். அந்த நகரத்துப் பல்கலைக்கழகக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நோயாளிகளை நேரில் கவனிக்கும் 200 ஊழியர்களைத் தொடர்ந்து பரிசோதித்தபோது, 87 பேருக்குத் தொற்று வந்திருந்தது தெரிந்தது. கேம்பிரிட்ஜிலோ, நன்றாக இருக்கிறோம் என்று வேலைக்கு வந்த ஆயிரத்துச் சொச்சம் பேரைச் சோதித்ததில், 100-க்கு 3 பேரிடம் கிருமி இருந்தது.

வியன்னாவிலும் சோதித்தார்கள். ஆம், செம்மல்வைஸை வெளியே அனுப்பிய அதே பொது ஆஸ்பத்திரியில்தான். கட்டடம் புதிது, பெயர் பழையது. அங்கே புற்றுநோய்ப் பகுதிக்கு வந்த 1,016 நோயாளிகளைச் சோதித்ததில் நாலே பேருக்குத்தான் தொற்று இருந்தது. நால்வருக்கும் அப்போது நோயின் அறிகுறி இல்லை. அத்தோடு நிற்காமல், அந்தப் பகுதியின் ஊழியர்கள் 62 பேரின் இரத்தத்தையும் பார்த்தார்கள். இருவருக்குத் தொற்று வந்து போயிருந்தது. கவனித்தீர்களா? நோயாளியையும் வைத்தியரையும் ஒரே தராசில் வைத்து நிறுத்திருக்கிறார்கள். 1847-இல் நினைத்துப் பார்க்க முடியாத காரியம் இது.

சோதனை பூரணமானதல்ல. இன்று இல்லை என்று வந்தவருக்கு நாளை மறுநாள் வரலாம். ஆகவே, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இருக்கிறது என்று வந்தவர்களை வீட்டுக்கு அனுப்பினால் மிஞ்சினவர்கள் தலையில் வேலை விழும். அக்கம்பக்கத்தார் முகம் சுளிப்பார்கள். என்னைப் போன்றவர்கள் இரைவார்கள். இரைச்சலுக்குப் பயந்து ஒருவர் சோதனைக்கு வராமல் இருந்துவிட்டால் என்ன ஆகும்? அன்று நான் போட்ட சத்தம் அண்ணிக்குத்தான் ஆபத்து. இது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

அடுத்த தடவை நாங்கள் போனபோது நர்ஸ் திரும்பி வந்திருந்தாள். சற்று இளைத்திருந்தாள். அண்ணியின் பக்கத்தில் வந்து, "அம்மா, என்மேல் கோபமா?" என்று கேட்டாள். "ரிஸல்ட் வந்த அன்றைக்கு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. முந்தின நாட்களில் யார் யார் கையைத் தொட்டேன் என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். ஒருத்தருக்கும் ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகுதான் சாப்பாடு இறங்கிற்று."

கீல் நகரத்து மிகேலிஸும் இப்படித்தான் எண்ணியிருப்பார். ஒருத்தருக்கும் ஒன்றும் இல்லை என்று சொல்ல அவருக்கு ஒருவரும் இல்லை.

அண்ணி ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டினாள். நான் அந்தப் பெண்ணிடம், அன்றைக்குக் கோபித்தது தப்பு என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நரம்பைத் தேடிக்கொண்டே, "புதன்கிழமை மறுபடியும் டெஸ்ட் இருக்கிறது சார்" என்றாள். சந்தைக்குப் போக வேண்டும் என்பது போல, அவ்வளவு சாதாரணமாக.