141 நாடாச் சுருள்களின் பயணம்

டொராண்டோ பல்கலைக்கழக விலங்கியல் துறையில் 1981இல் ஒரு காந்த நாடா சுழலத் தொடங்கியது. அதில் ஏறியது விலங்குகளைப் பற்றிய ஆய்வு அல்ல, யூஸ்நெட்டில் மனிதர்கள் பேசிக்கொண்ட பேச்சு.

டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் டிரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் 1979இல் திட்டமிட்ட வலை அது. ஒருவர் எழுதிய மடல் தொலைபேசிக் கம்பி வழியே கணினிக்குக் கணினி நகலாகிப் பரவும். அன்று வட்டில் இடம் யானை விலை குதிரை விலை. அதனால் சில நாள் அல்லது சில வாரம் போனதும் பழைய மடல்கள் தாமாக அழிந்தன. எழுதியவர்கள் பலரும் அதை நம்பித்தான் மனம்விட்டு எழுதினார்கள்.

டொராண்டோ விலங்கியல் துறையின் கணினிகளைக் கவனித்துவந்த ஹென்றி ஸ்பென்சர், மடல்கள் அழியுமுன் அவற்றை நாடாவில் ஏற்றிவைத்தார். 1991 வரை 141 சுருள்கள் சேர்ந்தன. அவற்றில் 20 லட்சம் மடல்கள் இருந்தன.

நாடாவுக்கும் ஆயுள் உண்டு. அதைப் படிக்கும் கருவி அதற்கு முன்பே மறைந்துவிடவும் கூடும். மேற்கு ஒண்டாரியோ பல்கலைக்கழகத்தின் டேவிட் வைஸ்மன் சுருள்களை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார். அங்கே அவை ஒவ்வொன்றாக வட்டுக்கு மாறின. 2001 டிசம்பரில் கூகுள் வெளியிட்ட 20 ஆண்டு யூஸ்நெட் தொகுப்பில் அவையும் சேர்ந்தன.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் கட்டற்ற மென்பொருளுக்கான குனூ திட்டத்தை அறிவித்தது யூஸ்நெட் மடலில்தான். அப்படிப்பட்ட காலத்தின் பேச்சு நமக்கு மிஞ்சியதற்கு இந்தச் சுருள்கள் பெருங்காரணம். ஆனால், இரண்டு வாரத்தில் மறையும் என்று நம்பி ஒரு மாணவர் எழுதிய கோபமும் அதே சுருளில் ஏறியது. அவரிடம் யாரும் கேட்கவில்லை. 1995இல் டெஜா நியூஸ் என்ற தேடல் தளம் யூஸ்நெட்டைத் தேடத்தக்கதாக்கிய பிறகுதான், ‘இதைச் சேமிக்காதே’ என்று மடலின் தலைப்பகுதியிலேயே குறிக்கும் வழக்கம் பரவியது.

காப்பதே சரி என்பேன். எழுதும்போது எவருக்கும் அற்பமாகத் தெரியும் பேச்சுதான் பின்னால் வருபவருக்குச் சான்று. ஆனால் எழுதியவர் திரும்பப் பெறும் உரிமையும் அதோடு சேர்ந்தே இருக்க வேண்டும். ஒரே நிறுவனத்தின் கையில் மட்டும் காப்பகம் இருக்கவும் கூடாது: 2024 பிப்ரவரியில், அந்தத் தொகுப்பை வைத்திருக்கும் கூகுள் குழுமங்கள் தளம் புதிய யூஸ்நெட் மடல்களை ஏற்பதை நிறுத்திக்கொண்டது.

நீங்கள் ஓர் உரையாடல் குழுவை நடத்துபவரா? பேச்சு தங்குமா, மறையுமா என்பதை வருபவரிடம் முதல் நாளே சொல்லுங்கள். மூடும் நாள் வந்தால், முன்கூட்டியே அறிவித்து, ஒரு நகலை நூலகம் ஒன்றிடம் ஒப்படையுங்கள்.