எல்லையைத் தாண்டுகிறவனை எப்போது பிடிப்பது?

"செக்கிங் சேர்த்தா புரோகிராம் ஸ்லோ ஆயிடும்." இந்தப் பேச்சின் பூர்வீகத்தைக் கொஞ்ச நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். போய் நின்ற இடம் நான் நினைத்ததற்கு நேரெதிர்.

1960களில் இங்கிலாந்தின் எலியட் பிரதர்ஸ் நிறுவனத்தில் டோனி ஹோர் குழுவினர் அல்கால் 60 மொழிக்குக் கம்பைலர் எழுதினார்கள். அர்ரேயில் எதைத் தொட்டாலும் அதன் எண் எல்லைக்குள் இருக்கிறதா என்று ஓடும்போதே அது பார்த்துவிடும். பிற்பாடு, வேகம் வேண்டுமானால் இதை நிறுத்திக்கொள்ள வசதி தரலாமா என்று வாடிக்கையாளர்களிடம் கேட்டார்கள். ஒருத்தர் பாக்கியில்லாமல் வேண்டாம் என்றார்கள்! ஹோரே 1980 டூரிங் விருது உரையில் இதைச் சொல்லியிருக்கிறார். இன்றைய செல்போனுக்குப் பக்கத்தில் வைக்கவே முடியாத மெஷினை வைத்திருந்தவர்கள் சொன்ன பதில் இது.

அடுத்து வந்த சி மொழி அந்தச் சோதனையைச் செய்யவில்லை. 1988 நவம்பர் 2 அன்று மோரிஸ் புழு, ஃபிங்கர் சர்வீஸில் இருந்த 512 பைட் பஃபரை நிரப்பி வழியவிட்டு உள்ளே புகுந்தது. வழிந்தது, ஃபங்ஷன் முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்று குறித்து வைத்திருந்த முகவரியின் மேல் போய் விழுந்தது.

சரி, சி நிரலுக்கும் எல்லைச் சோதனை போடலாமே? 90களில் போட்டுப் பார்த்தார்கள். பல மடங்கு மந்தமானது. இங்கே எங்கள் ஊர்க் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அடிக்கு ஒரு இடத்தில் நிறுத்தி டோக்கன் கேட்டால் யார் சுற்றி முடிப்பார்கள்?

1998இல் கிரிஸ்பின் கோவன் குழு கொண்டுவந்த ஸ்டாக்கார்ட் வேறு வழி பிடித்தது. கோயில் வாசலில் செருப்பு விட்டு டோக்கன் வாங்குகிற மாதிரிதான். ஃபங்ஷனுக்குள் நுழையும்போது திரும்பும் முகவரிக்குப் பக்கத்தில் ஒரு எண்ணை வைப்பது, கிளம்பும்போது அது மாறியிருக்கிறதா என்று பார்ப்பது. செலவு சொற்பம். நடுவில் உள்ளே என்ன நடந்தது என்பதை மட்டும் அது கேட்காது. பக்கத்து வேரியபிளை எவனாவது மாற்றிவிட்டுப் போனால் டோக்கனுக்குத் தெரியாது.

2006இல் ஜிசிசி 4.1 இந்த வகைக் காவலைச் சேர்த்துக்கொண்டது. அதிலும் சிக்கனம்: பொதுவாக 8 பைட்டுக்குக் குறையாத எழுத்து அர்ரே உள்ள ஃபங்ஷனுக்கு மட்டும். லினக்ஸ் கெர்னலின் வழக்கமான x86 அமைப்பில் இது சுமார் 3% ஃபங்ஷன்களுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. கோட் அளவு கூடியது 0.3%. 2014இல் 'ஸ்ட்ராங்' வகை வந்ததும் காவல் 20% ஆனது, அளவு கூடியது 2%. மிச்சத்தில் பெரும்பாலானவற்றுக்கு அது தேவையில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த 3க்கும் 20க்கும் நடுவில் இருந்தவை எட்டு வருஷம் திறந்தே கிடந்தனவே! இரண்டு சதவீதத்துக்கா இவ்வளவு யோசனை என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

ஹோர் செய்ததற்கே திரும்பிப் போகப் பார்க்கிறவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி குழுவின் சக்தி பிராசஸர் 2018இல் லினக்ஸை ஓட்டியது பலருக்குத் தெரியும். அதே குடும்பத்தில் 2017இல் சக்தி-டி, 2019இல் சக்தி-எம்எஸ் என்ற ஆய்வு வடிவங்களும் வெளிவந்தன. பாயிண்டரின் எல்லையைச் சரிபார்க்கும் வேலையைச் சில்லே செய்யும் ஏற்பாடு அது. மென்பொருள் ஒவ்வொரு தடவையும் தனியாகக் கணக்குப் போட வேண்டியதில்லை. சோதனைக்கான சர்க்யூட்டுக்குச் சில்லில் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும். சக்தி-எம்எஸ் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு: பழைய சி நிரலை அதற்கென்று மாற்றிய கம்பைலரில் மறுபடி கம்பைல் செய்தாக வேண்டும். சோர்ஸ் தொலைந்துபோன புரோகிராம்களுக்கு அந்த வழியும் இல்லை.